மல்னார் வீடு எது?

லியூப்ளியானா
4 அக்டோபர் 1931

அக்கா,

மர வண்டியோடு எல்லை தாண்டி வந்துபோகும் நம் பொலோனாவின் குதிரை தீனிப்பையில் ஒளித்ததை எல்லாம் தின்றுவிடாமல் இருந்தால், இந்தக் கடிதத்தோடு ஒரு மாத இதழும் உன் கையில் இருக்கும். முப்பத்தேழாம் பக்கத்தைத் திற. கிளெமென்ட் கோர்யான் என்று அச்சில் போட்டிருக்கிறது. கோரியானி இல்லை. அந்த இத்தாலியர்கள் நம் பெயருக்கு ஒட்டிவைத்த வால் எல்லைக்கு இந்தப் பக்கம் செல்லாது. இரண்டு வருஷத்துக்கு முன்பு அந்தக் காட்டுவழியாக ஓடி வந்தபோது, எங்காவது ஒரு அச்சகத்தில் பிழை திருத்தியே செத்துப்போவேன் என்று நினைத்தேன். இப்போது பார், நான் பிழை திருத்திய இதழிலேயே என் கதை!

கதை என்ன என்று கேட்பாய். உன் கதைதான். நிலவறையில் முட்டைக்கோஸ் பீப்பாய்களுக்கு நடுவே ஏழு பிள்ளைகளை உட்காரவைத்து, பள்ளிக்கூடத்தில் தடைசெய்த நம் மொழியை ஒரு பெண் சொல்லிக்கொடுக்கிறாள். காகிதம் கிடையாது, சிலேட்டு கிடையாது. மாவு பிசையும் பலகையில் மாவைப் பரப்பி, விரலால் எழுத்து. கதவு தட்டினால் உடனே தண்ணீரை ஊற்றிப் பிசைந்துவிடுவாள். வந்தவன் பார்ப்பது ரொட்டி மாவைத்தான். அந்த இடத்தைப் படித்துவிட்டு இதழாசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டார், தெரியுமா!

பயப்படாதே. பெயரெல்லாம் மாற்றிவிட்டேன். நீ அல்பினா இல்லை, தெக்லா. நீ கல்யாணம் ஆகாதவள், தெக்லா விதவை. ஊருக்குப் பெயரே கிடையாது. வீட்டுப் பெயரை மட்டும் அப்படியே விட்டேன். நாலைந்து பெயர் போட்டுப் பார்த்தேன், ஒவ்வொன்றிலும் கதை நொண்டியது. மல்னார் வீடு என்று எழுதிய பிறகுதான் எனக்கு அந்த நிலவறையின் வாடையே வந்தது. எந்தக் காலத்திலோ நம் முன்னோர் ஒருவர் மாவு அரைத்தாராம், அதனால் மல்னார், ஆலைக்காரர். அதற்குப் பிறகு நம்மில் எவனும் ஆலைக்கல்லைத் தொட்டதில்லை, ஆனாலும் ஊருக்கு நாம் மல்னார்தான். அந்தப் பெயர் வரிப் புத்தகத்தில் இருக்கிறதா? ஞானஸ்நானச் சீட்டில் இருக்கிறதா? கல்லறையில்கூடக் கிடையாது. போலீசுக்கு நீ 41ஆம் எண் வீட்டுக் கோரியானி, பள்ளத்தாக்கில் பாதிப் பேருக்கு இருக்கிற பெயர், அவ்வளவுதான். நம் ஆட்கள் வாயில் மட்டும் இருக்கிற பெயர் அது. அதனால்தான் துணிந்து போட்டேன்.

படித்துவிட்டு ஒரு வரி எழுது. திட்டினாலும் சரி.

கிளெமென்ட்

லோம்
20 அக்டோபர்

தம்பி,

வாழ்த்துச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு காதையும் பிடித்துத் திருக வேண்டும் போலிருக்கிறது.

இதழ் என்னிடம் வருவதற்கு முன்னாலேயே ஊர் முழுக்கப் போய்விட்டது. பொலோனா கடிதத்தைத்தான் ஒளித்துக் கொண்டுவந்தாள். இதழை, “நம்ம பய பேரு புஸ்தகத்துல வந்திருக்கு!” என்று மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக் களஞ்சியத்தில் சோளம் உரிக்கக் கூடினோம். முப்பது பேர் இருப்பார்கள். சோளம் உரிக்கிறபோது யாராவது கதை சொல்வது வழக்கம்தானே, தச்சன் ஃபிலிப் எழுந்து உன் கதையைப் படிக்க ஆரம்பித்தான். நான் வாசலுக்குள் நுழைகிறேன், ‘மல்னார் வீட்டுக் கதவு’ என்ற வரி காதில் விழுகிறது.

“அட, இது நம்ம அல்பினா வீடுல்ல!” என்று ஒரு குரல்.

“மாவுல எழுதறதையும் போட்டுட்டானே, கெட்டிக்காரப் பய!” என்று இன்னொரு குரல். கைதட்டல் வேறு. கிளெமென்ட், அத்தனை பேருக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றித் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. பொலோனாவின் மாமனாருக்கு உன்மேல் கோபம். “எங்க வீட்டு நாய் குரைச்சதுன்னு எழுதியிருக்கான், எங்க வீட்டுப் பேரைப் போட்டா என்ன, கை ஒடிஞ்சா போயிடும்?” என்று சண்டை பிடித்தார். சிரிக்காதே. நானும் சிரித்தேன், ஒரு நிமிஷம்.

அப்போதுதான் மூலையில் கார்லினாவைப் பார்த்தேன். நகரசபைக் குமாஸ்தாவின் பெண்டாட்டி. அவளும் நம்மவள்தான், நம் மொழியிலேயே பிறந்தவள்தான். ஆனால் அவள் புருஷன் இத்தாலியர்களுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றுகிறவன் என்று ஊருக்கே தெரியும். சோளக்கதிரை உரிக்காமல் மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் என்னிடம் வந்தாள். “உங்க தம்பி ரொம்ப நல்லா எழுதியிருக்காரு. ஒரே ஒரு நாளைக்கு இரவல் குடுங்களேன், படிச்சிட்டுத் தந்துடறேன்” என்றாள்.

முடியாது என்று சொன்னால் ஏன் முடியாது என்று கேட்பாள். ஃபிலிப் இதழை மடித்து நீட்டினான். எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இன்னும் அந்த இதழ் திரும்பி வரவில்லை.

பிள்ளைகளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என்னிடம் இருந்த ஒரே எழுத்துப் புத்தகத்தைத் தோட்டத்தில் பூண்டுப் பாத்தியில் புதைத்தேன். பிறகு மண் புதிதாகத் தெரிகிறதே என்று தோண்டி எடுத்தேன். இப்போது எங்கே வைத்திருக்கிறேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். உனக்குச் சொன்னால் அச்சில் வந்துவிடும்.

அல்பினா

லியூப்ளியானா
3 நவம்பர்

அக்கா,

நீ எழுதியதில் ஒரு பாதி நியாயம். மறுபாதி கோபம். சோளம் உரிக்கிற இடத்தில் படிப்பார்கள் என்று நான் கனவா கண்டேன்? இங்கே காபிக் கடையில் கோட்டுப் போட்டவர்கள் படிப்பார்கள் என்று நினைத்து எழுதினேன். நம் ஊரில் புத்தகத்தை ஒருவர் தனியாகப் படித்தால் ஏதோ திருட்டுத்தனம் செய்கிறான் என்பார்கள் என்பது எனக்கு மறந்தே போய்விட்டது. இரண்டே வருஷத்தில் மறந்துவிட்டது. இது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் கார்லினா கதை ரசிக்கவும் வாங்கியிருக்கலாம் அல்லவா? எல்லாரையும் சந்தேகப்பட்டால் எப்படி வாழ்வது? இங்கே எனக்கு நாலு பக்கத்திலிருந்தும் கடிதம் வருகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் நம் மக்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்று இப்போதுதான் புரிந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆசிரியர் இரண்டாம் பாகம் கேட்கிறார்.

நான் எழுதவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். எழுத உட்கார்ந்தால் பேனா ஓடமாட்டேன் என்கிறது. நேற்றுக் கல்லறைத் திருநாள், எல்லாரும் மெழுகுவர்த்தி எடுத்துக்கொண்டு போனார்கள். நான் அறையிலேயே கிடந்தேன். வீட்டுக்காரம்மா வந்து, “உங்களைத் தேடி ஒருத்தர் வந்தாரு. தொப்பி போட்டிருந்தாரு. உங்களுக்கு அங்க சொந்தக்காரங்க யாரு யாருன்னு கேட்டாரு. ஒரு அக்கா இருக்காங்கன்னு சொன்னேன், தப்பா?” என்றாள்.

தப்பு என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அக்கா, பொலோனாவின் வண்டியில் வந்துவிடு. மரம் வெட்டப் போகிறேன் என்று ஏறி உட்கார், இறங்காதே. மாட்டை ஃபிலிப் பார்த்துக்கொள்வான்.

கிளெமென்ட்

லோம்
25 நவம்பர்

தம்பி,

வந்தார்கள். என் வீட்டுக்கு இல்லை.

மேல் லோமில் ஆற்றங்கரையில் இருக்கிற ஆலை யெர்னேயை உனக்கு நினைவிருக்கும். மீசையில் எப்போதும் மாவு ஒட்டியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரும்போதுகூட. அவர் வீட்டுக்கும் மல்னார் என்றுதான் பெயர். உண்மையிலேயே மாவு அரைக்கிறவர்தானே! உனக்கு அது தோன்றவே இல்லையா? ஊருக்கு ஒரு ஆலை, ஆலைக்கு ஒரு மல்னார். நம் பள்ளத்தாக்கில் எத்தனை மல்னார் வீடுகள் என்று நீ கதை எழுதும்போது விரல் விட்டு எண்ணியிருக்கக் கூடாதா?

சனிக்கிழமை காலையில் போலீஸ் சார்ஜெண்ட் நாலு பேரோடு நம் கீழ் லோமுக்கு வந்தான். அவன் கையில் உன் இதழ் இருந்தது. யாரோ அவனுக்கு மேல் லோமுக்கு வழி சொல்லியிருக்கிறார்கள். ஆலைக்குள் போனால் அங்கே எங்கே பார்த்தாலும் மாவு, எங்கே பார்த்தாலும் பலகை. அதில் ஒரு பலகையில் விரலால் ‘தேனீ’ என்று எழுதியிருந்தது. நம் மொழியில், முதல் எழுத்தின் மேல் கொக்கி வைத்து. அவர்கள் மொழியில் அந்த எழுத்தே கிடையாது. யெர்னேயின் இளைய மகள் மார்தா என்னிடம்தான் படித்தாள். நான் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் வீட்டில் தானே எழுதிப் பழகியிருக்கிறது குழந்தை.

யெர்னேயைக் கட்டி வண்டியில் ஏற்றினார்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கிளெமென்ட். பெயர் எழுதச் சொன்னால் சிலுவை போடுவார். அந்த மனுஷன் மேல் ரகசியப் பள்ளிக்கூடம் நடத்தினார் என்று வழக்கு! அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கீழே இன்னொரு மல்னார் வீடு இருக்கிறது என்று. அவருக்கு நன்றாகத் தெரியும், மார்தாவைக் கொண்டுவந்து விட்டவரே அவர்தான். இன்றோடு நாலு நாள். அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் உனக்கு வராது.

நீ ஒன்று செய். அந்த இதழிலேயே எழுது. கதை முழுக்கப் பொய், அப்படி ஒரு வீடு இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, மாவில் எழுதுவது நானே படுக்கையில் கிடந்து கற்பனை செய்தது என்று எழுது. அதை வைத்துக்கொண்டு வக்கீல் ஏதாவது பேசுவார். சீக்கிரம்.

அல்பினா

லியூப்ளியானா
5 டிசம்பர்

அக்கா,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

யெர்னேயைப் பற்றிப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் நீ கேட்பது என்னவென்று யோசித்தாயா? எல்லைக்கு அந்தப் பக்கம் ரகசியப் பள்ளிக்கூடம் என்று எதுவும் இல்லை, எழுத்தாளன் கிளெமென்ட் கோர்யான் புளுகினான் என்று நானே கையெழுத்துப் போட வேண்டும். அவர்களுடைய பத்திரிகைகள் நாளைக்கே அதைக் கொட்டை எழுத்தில் போடும். ‘பாருங்கள், இவர்களே ஒத்துக்கொண்டார்கள், எல்லாம் பொய்ப் புகார்’ என்று. நிலவறையில் உட்கார்ந்து படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் பொய்யாகிவிடும். எனக்கு இருப்பது இந்த ஒரு கதை. நான் எழுதியதில் உண்மையானது இந்த ஒன்றுதான்.

ஆசிரியரும் ஒத்துக்கொள்ள மாட்டார். இன்னும் கேட்கவில்லை. கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று தெரியும்.

என்னைக் கேட்டால் குற்றவாளி வேறு ஆள். அந்த சார்ஜெண்டுக்கு மேல் லோம் என்று வழி காட்டியது யார்? ஒரு பாவமும் அறியாத மனுஷனைக் கைகாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சூப்புக் குடித்த அந்த ஈனப்பிறவி யார்? கார்லினாவா? அந்த நாக்கு அழுகிப்போகட்டும். அவளை ஊரைவிட்டு ஒதுக்கிவையுங்கள். யாரென்று எழுது, பெயரோடு அச்சில் ஏற்றுகிறேன். அதற்குக் கூசமாட்டேன்.

கிளெமென்ட்

லோம்
14 டிசம்பர்

கிளெமென்ட்,

அந்த ஈனப்பிறவி நான்தான்.

கிணற்றடியிலிருந்து இரண்டு வாளித் தண்ணீரோடு வந்துகொண்டிருந்தேன். பனிக்காற்று ஆளைத் தள்ளுகிறது. சார்ஜெண்ட் வழியை மறித்துக்கொண்டு நின்றான். மரியாதையாகத்தான் கேட்டான். “ஏம்மா, இங்க மல்னார் வீடு எது?”

அவன் வாயில் நம் வீட்டுப் பெயர். கிளெமென்ட், நம் ஆட்களைத் தவிர எந்த அந்நியன் வாயிலும் அதை நான் கேட்டதில்லை. நானே அறியாமல் வாய் சொல்லிற்று: “மேல் லோம் போங்க ஐயா. ஆத்தங்கரையில ஆலை இருக்கு.”

“நன்றி. வாளி கனமா இருக்கே, பாத்துப் போங்க” என்றான்.

பொய் சொல்லவில்லை பார். அதுவும் மல்னார் வீடுதான். எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன் வீட்டில் என்ன கிடைக்கப் போகிறது, சிரித்துக்கொண்டு திரும்பி வருவார்கள் என்று நினைத்தேன். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியபோது, தப்பித்தோம் என்று சந்தோஷப்பட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன். சந்தோஷப்பட்டேன். மார்தாவின் விரலை நான் யோசிக்கவில்லை.

அன்று மத்தியானம் சூப்புக் குடித்தேன். நீ எப்படிச் சரியாகச் சொன்னாய்?

முந்தாநாள் யெர்னேயின் மனைவி உர்ஷா வந்தாள். எப்போதோ என்னிடம் வாங்கிப்போன சல்லடையைத் திருப்பிக் கொடுக்க வந்தாளாம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவள் அதற்கு முந்தின நாள் சிறைக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள். “விளக்கெண்ணெய் குடுத்திருக்காங்க. ஒரு லிட்டர். வாயத் தொறந்து ஊத்தியிருக்காங்க. நிக்க முடியல அவரால” என்றாள். பிறகு, “உங்கள ஒண்ணும் கேட்க வரல அல்பினா. அவரு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லி அனுப்பினாரு. மார்தாவுக்கு எழுத்து மறந்துடப் போகுது, டீச்சரைப் பாத்துக்கச் சொல்லுன்னாரு” என்றாள்.

வழி சொன்னது நான் என்று அவளுக்குத் தெரியாது. சொல்ல வாய் எடுத்தேன். “சல்லடை உங்ககிட்டயே இருக்கட்டுமா?” என்றுதான் கேட்டேன். இப்படிப்பட்ட கோழை நான். உன் கதையில் வரும் தெக்லா கதவு தட்டும்போது புன்னகை செய்துகொண்டே தண்ணீர் ஊற்றுகிறாளாமே. யாரைப் பார்த்து எழுதினாய்?

உன் ஒரே உண்மையான கதைக்காக நான் அழவா? நீ உன் பெயரைக் காப்பாற்றிக்கொள்கிறாய், நான் என் உடம்பைக் காப்பாற்றிக்கொள்கிறேன். அங்கே விளக்கெண்ணெய் குடிப்பவன் யெர்னே. நீ எழுதுகிறாயா என்று கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்ப்பேன்.

அல்பினா

லியூப்ளியானா
28 டிசம்பர்

அக்கா,

எழுதிவிட்டேன். அச்சில் வந்ததைக் கத்தரித்து இதோடு வைத்திருக்கிறேன், நாலே வரி. ‘அக்டோபர் இதழில் வெளியான கதையில் வரும் வீடும் பள்ளியும் மாந்தரும் முழுக்க என் கற்பனை. அப்படி எதுவும் எங்கும் இல்லை. மக்களை உசுப்பிவிடுவதற்காகப் பொய்யாக எழுதினேன்.’ கடைசி வரியை நானே சேர்த்தேன். அது இல்லாவிட்டால் நம்பமாட்டார்கள் என்று பட்டது.

ஆசிரியர் காகிதத்தைப் படித்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. “எவ்வளவு குடுத்தாங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டு அச்சுக்குக் கொடுத்தார். உண்மையைச் சொல்ல முடியுமா? சொன்னால் அது லோமுக்குப் போகும். காபிக் கடையில் நான் உட்கார்ந்த மேசையிலிருந்து மூன்று பேர் எழுந்து போனார்கள். என்னைப் போலவே எல்லை தாண்டி ஓடிவந்தவர்கள் அவர்கள். பிழை திருத்தும் வேலையும் போய்விட்டது.

உன்னை அந்த வார்த்தை சொல்லித் திட்டியதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. நீ தண்ணீர் வாளியோடு நிற்பதே கண்ணுக்குள் நிற்கிறது. உன் இடத்தில் நான் இருந்தால் மேல் லோம் என்று சொல்லிவிட்டு ஓட்டமும் பிடித்திருப்பேன். நான்தான் ஓடிவந்தவன் ஆயிற்றே.

யெர்னேயை விட்டுவிட்டார்கள் என்று ஒரு வரி எழுது. அதற்காகவே தபால் வரும் கதவுப் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கிளெமென்ட்

லோம்
6 ஜனவரி 1932

தம்பி,

விடவில்லை.

உன் நாலு வரியை வக்கீல் கொண்டுபோனார். சார்ஜெண்ட் அதைப் படித்துவிட்டு உர்ஷா எதிரிலேயே சிரித்தானாம். “பொய்க்கதைன்னா சும்மா விடவேண்டியதுதானே! பொய்தான் பொய்தான்னு எதுக்கு இவ்வளவு அவசரமா கத்தறான்? ஏதோ இருக்கு. யாரையோ மறைக்கறான்” என்றானாம். யெர்னேயைப் பெரிய விசாரணைக்கு அனுப்பப் போகிறார்கள். அங்கே போனவர்கள் வருஷக்கணக்கில் திரும்புவதில்லை. அவருக்கு ஐம்பத்தெட்டு வயசு. ஆலை பனியில் உறைந்து கிடக்கிறது, ஓட்ட ஆள் இல்லை.

நீ உன்னால் முடிந்ததைச் செய்தாய். அதைச் சொல்லாமல் போனால் எனக்கு மனசு ஆறாது. உன் பெயரை நீயே கிழித்துப் போட்டாய், அது உனக்கு எவ்வளவு வலி என்று உன்னைத் தூக்கி வளர்த்த எனக்குத் தெரியாதா? போன கடிதத்தில் நான் பேசியது அதிகம். மன்னித்துக்கொள்.

நாளைக் காலையில் நான் போகிறேன். பொலோனாவின் வண்டியில் இல்லை, சிறைக்கு. மாவுப் பலகையையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போகிறேன். வெறுங்கையோடு போனால் யாரையோ காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று அவன் மறுபடியும் சிரிப்பான். பலகையில் மாவைத் தூவி அவன் முன்னாலேயே எழுதிக் காட்டப் போகிறேன். அதற்கப்புறம் நம்பித்தானே ஆக வேண்டும்?

எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. இன்று காலையிலிருந்து மூன்று முறை வாந்தி எடுத்துவிட்டேன். அந்த விளக்கெண்ணெயைப் பெண்களுக்கும் கொடுப்பார்களா என்று ஃபிலிப்பிடம் கேட்டேன், அவன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். உர்ஷாவிடம் போய், வழி சொன்னது நான்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். “போ” என்றாள். எங்கே போகச் சொன்னாள், வீட்டுக்கா சிறைக்கா, தெரியவில்லை. திரும்பிக் கேட்கவும் துணிச்சல் இல்லை.

மாடு ஃபிலிப்பிடம். பீப்பாயில் முட்டைக்கோஸ் நன்றாகப் புளித்திருக்கிறது, பொலோனா எடுத்துக்கொள்ளட்டும். நீ இங்கே வரவே கூடாது. என்ன கேள்விப்பட்டாலும் சரி. என் தலையில் அடித்துச் சத்தியம் செய்.

அல்பினா

தென் இத்தாலியக் கடலில் ஒரு தீவு
17 ஏப்ரல் 1932

அன்புள்ள தம்பி,

வாரத்துக்கு ஒரு கடிதம், இருபத்துநாலு வரி, அதுவும் இவர்கள் மொழியில்தான் என்பது இங்கே சட்டம். அதனால் இத்தாலியில் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திப் படி, அது உன் தொழில்தானே. இந்தத் தீவில் காவல், ஐந்து வருஷம் கொடுத்திருக்கிறார்கள். இருமல் இருக்கிறது, மற்றபடி நடமாடுகிறேன். யெர்னேயை விட்டுவிட்டதாக உர்ஷா யாரையோ பிடித்து எழுதியிருந்தாள். ஒரு கால் இழுக்கிறதாம், ஆனால் ஆலை ஓடுகிறதாம். அந்தக் காகிதத்தின் அடியில் மார்தா தன் பெயரைத் தானே நம் எழுத்தில் எழுதியிருந்தது. அதை இவர்கள் மை பூசி மறைத்திருந்தார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டேன். இதிலும் எங்காவது மை பூசியிருந்தால் நீயும் அப்படியே பிடித்துப் பார்.

விசாரணையில் உன் கதையைச் சாட்சியாக வைத்தார்கள். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் முதலிலிருந்து கடைசிவரை இத்தாலியில் படித்தார். நான் அதுவரை முழுசாகப் படித்ததே இல்லை, இதழ்தான் அன்றே கைமாறிப் போய்விட்டதே. அவர் படிக்கப் படிக்க, எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டான். எனக்கு அழுகை வந்துவிடுமோ, இவர்கள் முன்னால் அழுதுவிடுவேனோ என்று ஒரே பயம். கதை நன்றாக இருக்கிறது, தம்பி. அவர்கள் மொழியிலும் நன்றாக இருக்கிறது. அதைப் பொய் என்று இனி யாரிடமும் சொல்லாதே.

பயம் போய்விட்டதா என்று கேட்பாய். போகவில்லை. கதவுப் பக்கம் காலடி கேட்டால் இன்றைக்கும் தண்ணீர் எங்கே என்றுதான் கை தேடுகிறது. ஆனால் நீ எழுது. அடுத்ததை எழுது. அதில் என் பெயரையே போடு. வழி சொன்னவளும் நான்தான் என்று அதையும் போடு. வரி முடிந்துவிட்டது.

அல்பினா